பெத்த வருஷத்தையும் சர்வீஸ்ல சேருங்க: மருத்துவக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்துக்கும், டெல்லில இருந்து மருத்துவப் படிப்புக்கு விதி போடற நேஷனல் மெடிக்கல் கமிஷனுக்கும் (என்எம்சி) சேர்த்து எழுதுறேன். வணக்கம்.

நான் ஒரு கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ்ல ஜெனரல் மெடிசின் அசோசியேட் ப்ரொஃபசர். பேர் போடல, காரணம் உங்களுக்கே தெரியும், சர்வீஸ்ல இருக்கற யாரும் பேர் போட்டு இப்படி எழுத முடியாது. ஆனா இதுல இருக்கற ஒவ்வொரு விஷயமும் நம்ம காலேஜ்ல வேலை பாக்குற எந்த லேடி டாக்டரைக் கேட்டாலும் ஆமாம்னு சொல்லக்கூடியதுதான்.

ஃபர்ஸ்ட் இயர் எம்பிபிஎஸ் க்ளாஸ்ல போய் நின்னு பாருங்க, பாதிக்குப் பாதி பொண்ணுங்க, பல காலேஜ்ல அதுக்கும் மேல. அதே பில்டிங்ல காலேஜ் கவுன்சில் மீட்டிங் நடக்குற அன்னிக்கு ஹெச்ஓடி, அதாவது டிபார்ட்மெண்ட் தலைவருங்க எல்லாரும் உக்காந்திருக்கற ரூமுக்குள்ள வந்து பாருங்க. ஓஜி (பிரசவம், மகளிர் நோய்), அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரின்னு சில டிபார்ட்மெண்ட்ல பெண்கள் இருப்பாங்க. சர்ஜரி, ஆர்த்தோ, யூராலஜி, கார்டியாலஜி, நியூரோ சர்ஜரி பக்கம் திரும்பினா ஆம்பளைங்க முகம்தான். இந்த ரெண்டு ரூமுக்கும் நடுவுல என்ன ஆகுதுங்கறதுதான் நான் கேக்குற கேள்வி. படிப்புல குறைஞ்சு போயிட்டாங்களா, கோல்டு மெடல் வாங்கினவங்க லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க, அதுல யார் பேர் இருக்குன்னு.

உள்ள விடமாட்டோம்னு யாரும் சொல்லல, அது எனக்கு நல்லா தெரியும். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல 1875-லயே மேரி ஷார்லீப்னு ஒரு அம்மாவும் இன்னும் மூணு பெண்களும் சேர்ந்து படிச்சிருக்காங்க, உலகத்துல பல ஊர்ல பொண்ணுங்களுக்கு மெடிக்கல் காலேஜ் கதவே திறக்காத காலம் அது. 1907-ல முத்துலட்சுமி ரெட்டி சேர்ந்து 1912-ல டாக்டரா வெளிய வந்தாங்க. அதனால நுழையற கதவு நம்ம ஊர்ல எப்பவோ திறந்தாச்சு. பிரச்சனை அதுக்கப்புறம் நீங்க எங்களுக்குப் போட்டு வெச்சிருக்கற வருஷக் கணக்குல இருக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் வயசோட சேர்த்துப் போட்டுப் பாருங்க. பதினெட்டு வயசுல சேர்றா ஒரு பொண்ணு. எம்பிபிஎஸ், ஹவுஸ் சர்ஜன் முடிக்க அஞ்சரை வருஷம். பிஜி, அதாவது மேல்படிப்பு சீட்டு முதல் தடவையே கிடைச்சா அதுல மூணு வருஷம். ஒரு வருஷம் சீனியர் ரெசிடெண்ட். அசிஸ்டெண்ட் ப்ரொஃபசரா உக்காரும்போது 28, 29. என்எம்சி விதிப்படி அசிஸ்டெண்டா நாலு வருஷம், ரெண்டு ரிசர்ச் பேப்பர், அப்பதான் அசோசியேட். அசோசியேட்டா மூணு வருஷம், மொத்தம் நாலு பேப்பர், அப்பதான் ப்ரொஃபசருக்குத் தகுதி. எதுவுமே தடங்கல் இல்லாம போனா 36. ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பாத்துட்டு சர்வீஸ் கேண்டிடேட்டா பிஜி வந்தவங்களுக்கு இன்னும் லேட், டிஎம், எம்சிஎச்னு சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிச்சா மேல மூணு வருஷம், கவர்மெண்ட்ல ப்ரொமோஷன் பேனல் லேட்டாகுறது தனிக்கதை. அதாவது 28-லேருந்து 40 வரைக்கும் ஒரு டாக்டரோட வருங்காலத்தை நிர்ணயிக்கற எல்லா எண்ணும் எண்ணப்படுது. ஒரு பொண்ணு பிள்ளை பெத்துக்கறதும், பாலூட்டறதும், அந்தப் பிள்ளை எல்கேஜி போறதும், மாமியாருக்கோ அம்மாவுக்கோ உடம்பு முடியாம போறதும் அதே பன்னெண்டு வருஷத்துக்குள்ளதான் வருது. ரூல்ல ஆண் பெண்ணுன்னு எங்கயும் எழுதல, ஆனா அது யாரோட வாழ்க்கையை மனசுல வெச்சு எழுதினதுன்னு படிக்கும்போதே தெரியுது.

ட்ரான்ஸ்ஃபர்ல ஆரம்பிக்கறேன், ஏன்னா அங்கதான் நிறைய பேர் நின்னு போறாங்க. இன்னிக்கு நம்ம மாநிலத்துல 36 கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ், 2022 ஜனவரில ஒரே நாள்ல 11 காலேஜ் திறந்தோம், ராமநாதபுரம், விருதுநகர், நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி, நீலகிரின்னு. ரொம்ப நல்ல விஷயம், அந்த ஊர் ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு அங்க வேலை பாத்தவங்களுக்குத் தெரியும். ஆனா ப்ரொமோஷன் வந்தா பெரும்பாலும் ஊர் மாறணும், கவுன்சிலிங்ல உக்காந்திருக்கும்போது ஸ்க்ரீன்ல என்ன காலியா இருக்கோ அதுல ஒண்ணை அந்த நிமிஷமே எடுக்கணும். எடுக்க முடியலன்னா, ப்ரொமோஷன் வேணாம்னு, அதாவது உரிமை விடல்னு எழுதிக் கொடுத்துட்டு வரணும்.

எனக்கு நல்லா தெரிஞ்ச ஒருத்தங்க, சர்ஜன், கை அவ்வளவு சுத்தம், பிஜி பசங்க எல்லாம் அவங்க கேஸ்ல அசிஸ்ட் பண்ண போட்டி போடுவாங்க. அசோசியேட் ப்ரொமோஷன் வந்தப்போ பையன் பத்தாவது, பொண்ணு ஒண்ணாவது. போஸ்டிங் கிடைச்சது வீட்டுலேருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம். எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரரும் நம்ம சர்வீஸ்லதான், அவருக்கும் அதே மாதிரி தூரத்துல ப்ரொமோஷன் வந்துச்சு, அவர் போய் ஜாயின் பண்ணிட்டார், வார கடைசில வந்துட்டுப் போவார். அவரை நான் குறை சொல்லல, அவர் போனதுல தப்பே இல்ல. ஆனா அவர் போனதுக்கு வீட்டுலயோ தெருவுலயோ ஆபீஸ்லயோ ஒரு வார்த்தை யாரும் கேக்கல, இவங்க போயிருந்தா "பிள்ளைங்களை விட்டுட்டுப் போயிட்டா"ன்னு ஆயுசுக்கும் சொல்லியிருப்பாங்க. இன்னிக்கு அவங்ககிட்ட ஹெர்னியா கத்துக்கிட்ட பையன் அவங்களுக்கு மேல யூனிட் சீஃபா வந்து நிக்குறான். ஃபைல்ல பாத்தா "சொந்த விருப்பத்தின் பேரில்"னுதான் இருக்கும்.

இப்ப மகப்பேறு லீவுக்கு வரேன். இதுல தமிழ்நாடு செஞ்சதை நான் மனசாரப் பாராட்டுறேன். 2011-ல ஆறு மாசம், 2016-ல ஒன்பது மாசம், 2021 ஜூலைலேருந்து பன்னெண்டு மாசம். 2025 ஏப்ரல்ல இன்னொண்ணும் அறிவிச்சாங்க, தகுதிகாண் பருவத்துல இருக்கற பெண் ஊழியர்களோட மகப்பேறு லீவை ப்ரொபேஷன் கணக்குல சேர்த்துக்கலாம்னு. பதவி உயர்வுல பின்னாடி தள்ளப்படக்கூடாதுங்கறதுதான் அதுக்கு காரணம். அப்போ அரசாங்கத்துக்கே இது புரிஞ்சிருக்கு. லீவ் கொடுத்தா மட்டும் போதாது, அந்த லீவ் எந்தக் கணக்குலேருந்து கழியுதுன்னும் பாக்கணும்னு புரிஞ்சிருக்கு.

ஆனா நம்ம டிபார்ட்மெண்ட்ல இன்னும் எத்தனை இடத்துல கழியுது பாருங்க. பிஜி படிக்கும்போது குழந்தை பெத்தா லீவ் உண்டு, ஆனா அதனால கோர்ஸ் நீளும். ட்ரெய்னிங் முழுசா முடிக்கணுங்கறது நியாயம்தான், அதை நான் மறுக்கல. ஆனா கோர்ஸ் நீண்டா எக்ஸாம் தள்ளிப் போகும், எக்ஸாம் தள்ளினா சீனியர் ரெசிடெண்ட் போஸ்டிங் தள்ளிப் போகும், அது தள்ளினா சீனியாரிட்டில கூடப் படிச்சவங்க எல்லாம் மேல போயிடுவாங்க, அந்த ஒரு பிரசவம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் லிஸ்ட்ல கூடவே வரும். பிஜி முடிச்சதும் கவர்மெண்ட்ல கட்டாயமா வேலை பாக்கணுங்கற பாண்ட் போஸ்டிங்ல இன்னும் மோசம். சர்ஜரி பிஜி முடிச்ச ஒரு டாக்டர், பாண்ட் காலத்துல எடுத்த பன்னெண்டு மாச மகப்பேறு லீவை சர்வீஸ்ல சேர்க்க மாட்டேங்கறாங்கன்னு ஹைகோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, 2025-ல கோர்ட்டு அதை பாண்ட் காலத்துல சேர்க்கணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு, சர்டிஃபிகேட்டையும் திரும்ப வாங்க முடியாம, வக்கீல் வெச்சு ஜெயிக்க வேண்டிய விஷயமா அது? எல்லாராலயும் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

அசிஸ்டெண்டா நாலு வருஷங்கற கணக்குல அந்த ஒரு வருஷம் வருமா வராதான்னு நான் கேட்ட இடத்துல எல்லாம் ஆளுக்கு ஒரு பதில். க்ளார்க் ஒண்ணு சொல்றார், டிபார்ட்மெண்ட்ல ஒண்ணு சொல்றாங்க, இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க வேற ஒண்ணு சொல்றாங்க. 75 சதவீத அட்டென்டன்ஸ் வேற கட்டாயம், முகம் காட்டி பதியற முறை வேற வந்தாச்சு. லீவ் முடிஞ்சு வருஷத்து நடுவுல வந்து ஜாயின் பண்றவங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்னு ஒரு பக்கம் தெளிவா எழுதிப் போட்டா என்ன குறைஞ்சு போகும்.

பேப்பர் விஷயம் இதைவிட சிக்கல், வெளிய இருக்கறவங்களுக்கு சுலபத்துல புரியாது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். என்எம்சி கணக்குல ஒரு பேப்பர் செல்லணும்னா முதல் மூணு பேர்ல ஒருத்தரா இருக்கணும், இல்ல கரஸ்பாண்டிங் ஆத்தரா, அதாவது பேப்பருக்குப் பொறுப்பா ஜர்னலோட தொடர்புல இருக்கறவரா இருக்கணும். நாலாவது பேருக்கு மதிப்பு பூஜ்யம். அப்போ யார் பேர் எந்த இடத்துல வருதுங்கறது சம்பளத்தையும் பதவியையும் முடிவு பண்ற விஷயம். அது எங்க முடிவாகுதுன்னா, ஓபி முடிஞ்சு சாயங்காலம் ஹெச்ஓடி ரூம்ல டீ குடிக்கும்போது, கான்ஃபரன்ஸ் போன ஊர்ல ராத்திரி சாப்பாட்டுல, காரை ஷேர் பண்ணிக்கிட்டுப் போற வழில. அந்த நேரத்துல நாங்க எங்க இருப்போம்? ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள வீட்டுக்கு ஓடிட்டு இருப்போம். கேஸ் ஷீட்டைப் புரட்டி டேட்டா எடுத்தது, பேஷண்டுக்கு ஃபோன் போட்டு ஃபாலோஅப் கேட்டது, எக்செல்ல ஏத்தினது எல்லாம் ஒரு அசிஸ்டெண்ட் மேடம், பேப்பர் வரும்போது அவங்க பேர் அஞ்சாவது. கேட்டா "அடுத்த பேப்பர்ல பாத்துக்கலாம்மா"ம்பாங்க. லீவ்ல இருக்கும்போது வெளிவந்த பேப்பர்ல பேரே காணாம போனதையும் பாத்திருக்கேன்.

கமிட்டி பங்கீட்டையும் இதோட சேர்த்துப் பாருங்க. லேடீஸ் ஹாஸ்டல் வார்டன், கல்ச்சுரல்ஸ், வரவேற்புக் குழு, குத்துவிளக்கு ஏத்த ஏற்பாடு, சீஃப் கெஸ்டுக்கு பொக்கே, மாணவிகளுக்கு ஏதாவது மனக்கஷ்டம்னா ராத்திரி பதினொரு மணிக்கு வர்ற ஃபோன், இது எல்லாம் எங்க பங்கு. பர்ச்சேஸ் கமிட்டி, எக்விப்மெண்ட் டெண்டர், இன்ஸ்பெக்ஷன் கோஆர்டினேட்டர், ஆர்எம்ஓ மாதிரி டீன் கண்ணுல படுற வேலை, நாளைக்கு நிர்வாக அனுபவம்னு எழுதிக்கக்கூடிய வேலை, அவங்க பங்கு. ஹாஸ்டல் பொண்ணு ஒருத்தி தப்பான முடிவு எடுக்காம தடுத்த ராத்திரிக்கு என்எம்சி ஃபார்ம்ல ஒரு கட்டம் கூட கிடையாது. அது எந்த பேப்பரை விடவும் பெரிய வேலைன்னு நான் நம்புறேன்.

எப்படிப் பாடம் நடத்தறதுன்னு சொல்லித் தர்ற மெடிக்கல் எஜுகேஷன் டெக்னாலஜி கோர்ஸ் எங்களுக்குக் கட்டாயம், அதுக்கு மூணு நாள் நேர்ல போய் உக்காரணும், பக்கத்துல நடக்கலன்னா வெளியூர். ஆறு மாசக் குழந்தையோட போறவங்களுக்கு அங்க ஒரு தனி ரூம் கூட இருக்கறதில்ல. ரிசர்ச் கோர்ஸை சென்னைல இருக்கற ஐசிஎம்ஆர் எபிடமியாலஜி இன்ஸ்டிட்யூட் ஆன்லைன்லயே நடத்துது, எவ்வளவு பேர் பிள்ளையைத் தூங்க வெச்சுட்டு ராத்திரி பாத்து முடிச்சாங்க தெரியுமா. மனசு வெச்சா முடியும்ங்கறதுக்கு அதுவே சாட்சி.

ப்ராஞ்ச் எடுக்கும்போதே பாதி முடிஞ்சு போகுது. ஆர்த்தோ வேணும்னு ஒரு பொண்ணு சொன்னா "கல்யாணம் ஆகப் போற பொண்ணு, டெர்மா, ரேடியாலஜின்னு எடுத்துக்கோம்மா, லைஃப் நல்லா இருக்கும்"னு வீட்டுல சொல்றதை விட அதிகமா காலேஜ்ல ப்ரொஃபசர்களே சொல்றாங்க. நல்லெண்ணத்துலதான் சொல்றாங்க, அதான் கஷ்டமே, திட்டினா எதிர்த்துப் பேசலாம், அக்கறையா சொன்னா என்ன பேசறது. ஜப்பான்ல டோக்கியோ மெடிக்கல் யூனிவர்சிட்டில பல வருஷமா பொண்ணுங்களோட என்ட்ரன்ஸ் மார்க்கையே குறைச்சுட்டு வந்தது 2018-ல வெளிய வந்துச்சு, குழந்தை பெத்தா வேலையை விட்டுடுவாங்கங்கறதுதான் அங்க இருந்த நினைப்பு. நம்ம ஊர்ல யாரும் மார்க்கை குறைக்கல, அது நமக்குப் பெருமைதான். ஆனா அதே நினைப்பு நம்ம டிபார்ட்மெண்ட் ரூம்ல இல்லன்னு நெஞ்சுல கை வெச்சு சொல்லுங்க பாப்போம். "லேடி அசிஸ்டெண்ட் வேணாம், ட்யூட்டி லிஸ்ட் போடறது கஷ்டம்"ங்கற வாக்கியத்தைக் கேக்காம ஒரு கவுன்சிலிங் சீசன் போனதில்ல. சில தனியார் காலேஜ்ல இன்டர்வியூலயே அடுத்த குழந்தை எப்பன்னு கேக்குறதா எங்க பிஜி பொண்ணுங்க வந்து சொல்லி அழுதிருக்காங்க.

பாதுகாப்பு பத்தி ஒரு விஷயம். 2024 ஆகஸ்ட் 9, கொல்கத்தா ஆர்ஜி கர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. ட்யூட்டில இருந்த டாக்டர் பொண்ணு கொஞ்ச நேரம் தலை சாய்க்க செமினார் ஹாலுக்குப் போனது, அங்கயே பலாத்காரம் செஞ்சு கொன்னுட்டாங்க. அந்த வாரம் முழுக்க என்னால வார்டுல நிக்க முடியல. அதுக்கப்புறம் இந்திய மருத்துவர் சங்கம் (ஐஎம்ஏ) எடுத்த சர்வேல 3,885 டாக்டர்கள் பதில் சொன்னாங்க, அதுல 45 சதவீதம் பேர் நைட்ல ட்யூட்டி ரூமே இல்லன்னாங்க. இதுக்கு மேற்கு வங்க அரசு சொன்ன வழிகள்ல ஒண்ணு, முடிஞ்ச வரைக்கும் பெண்களுக்கு நைட் ட்யூட்டி போடாதீங்கன்னு. சுப்ரீம் கோர்ட்டு அதைக் கடுமையா கேள்வி கேட்டு மாத்தச் சொன்னுச்சு, பாதுகாப்பு கொடுக்கறது உங்க வேலை, ராத்திரி வேலை பாக்காதேன்னு பெண்கள்கிட்ட சொல்ல முடியாதுன்னு. அது ரொம்ப சரி. நைட் ட்யூட்டி இல்லாத சர்ஜன் எமர்ஜென்சி கத்துக்க மாட்டா, எமர்ஜென்சி தெரியாதவளை நாளைக்கு யூனிட் சீஃபா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. எங்களுக்கு வேண்டியது உள்ளேருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு ரூம், அதுக்குள்ளயே ஒரு பாத்ரூம், ப்ளாக்குக்கு ப்ளாக் போற வழில லைட்டு. ராத்திரியை எங்ககிட்டேருந்து எடுத்துடாதீங்க.

"ஏன்மா, லேடீஸ் வைஸ் சான்ஸலரே வந்திருக்காங்களே"ன்னு சொல்வீங்க. வந்திருக்காங்க. எம்ஜிஆர் மெடிக்கல் யூனிவர்சிட்டில டாக்டர் கீதாலட்சுமி, டாக்டர் சுதா சேஷய்யன் இருந்தாங்க, லேடி டீன்களும் இருந்திருக்காங்க, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல சாந்தா அம்மா உக்காந்த இடத்துக்கு ஈடு இன்னிக்கும் இல்ல. அவங்க ஒவ்வொருத்தரும் எங்களுக்கு தெய்வம் மாதிரி. ஆனா டெல்லி எய்ம்ஸ் ஆரம்பிச்சது 1956-ல, அதுக்கு இதுவரைக்கும் ஒரே ஒரு பெண்தான் டைரக்டரா இருந்திருக்காங்க, டாக்டர் ஸ்நேஹ் பார்கவா, 1984-ல பொறுப்புக்கு வந்தாங்க. பேர் சொல்லி எண்ணக்கூடிய அளவுலதான் இன்னும் இருக்கோம். எங்க ஆண் சகாக்களுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கஷ்டம், டிஏசிபிங்கற கால அடிப்படையிலான பதவி, சம்பள உயர்வுப் பிரச்சனை, அது சம்பந்தமான அரசாணை 354 அமல்படுத்தாத ஏமாற்றம் எல்லாம் இருக்கு, 2019 ஸ்ட்ரைக்ல எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்தோம். அவங்களோட பங்குலேருந்து எடுத்து எங்களுக்குத் தரச் சொல்லல.

நான் கேக்குறதுல புதுசா எதுவும் இல்ல, பெரும்பாலானது இந்த அரசாங்கங்களே வேற இடத்துல ஏற்கெனவே ஒத்துக்கிட்டதுதான். 2024 ஆகஸ்ட்ல முதலமைச்சர் அறிவிச்சார், மகப்பேறு லீவ் முடிஞ்சு வர்ற பெண் போலீஸுக்கு பெத்தவங்களோ கணவர் வீட்டாரோ இருக்கற மாவட்டத்துலயே மூணு வருஷம் போஸ்டிங்னு. போலீஸ் டிபார்ட்மெண்டுக்கு முடியும்னா 36 காலேஜ் இருக்கற நமக்கு ஏன் முடியாது? அதே விதியை மெடிக்கல் காலேஜ் ஆசிரியர்களுக்கும் போடுங்க. அந்த மூணு வருஷத்துக்குள்ள ப்ரொமோஷன் வந்தா, உரிமை விடல் எழுதாம, இருக்கற மாவட்டத்துல இடம் வர்ற வரைக்கும் சீனியாரிட்டியைக் காப்பாத்திக் கொடுங்க. ப்ரொபேஷனுக்குச் செஞ்ச மாதிரி மகப்பேறு வருஷத்தை டீச்சிங் எக்ஸ்பீரியன்ஸ்ல சேர்க்கணும்னு மாநிலம் ஒரு அரசாணையும் என்எம்சி ஒரு சர்க்குலரும் போடட்டும், ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டாம. பாண்ட் விஷயத்துல ஹைகோர்ட் சொன்னதை எல்லாருக்கும் பொதுவா அமல்படுத்துங்க, இன்னொரு தாய் கேஸ் போட வெக்காதீங்க. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 730 நாள் குழந்தை பராமரிப்பு லீவ் இருக்கு, ஆண்களுக்கு 15 நாள் தந்தை லீவ் இருக்கு. ரெண்டையும் இங்க கொண்டு வாங்க, அப்பாக்களும் லீவ் எடுக்க ஆரம்பிச்சா "லேடி அசிஸ்டெண்ட் வேணாம்"ங்கற பேச்சு தானா குறையும். 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல க்ரெஷ் (குழந்தைகள் காப்பகம்) வேணும்னு 2017-ல மகப்பேறு சட்டத்தைத் திருத்தினாங்க, ஆயிரக்கணக்குல ஆள் வேலை பாக்குற நம்ம ஆஸ்பத்திரி கேம்பஸ் ஒவ்வொண்ணுலயும், ராத்திரியும் திறந்திருக்கற மாதிரி, ஒண்ணு வைங்க. நர்ஸ் சிஸ்டர்களும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும் எங்களை விட அதிகமா வாழ்த்துவாங்க.

ஆத்தர் வரிசையை ஸ்டடி ஆரம்பிக்கும்போதே எழுதி எத்திக்ஸ் கமிட்டில கொடுக்கணும்னு ஒரு வரி சேருங்க, இதுக்கு ஒரு ரூபா செலவு கிடையாது. கமிட்டி வேலையை ரொடேஷன்ல போடுங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்லயும் அசிஸ்டெண்ட், அசோசியேட், ப்ரொஃபசர், ஹெச்ஓடி, டீன்னு ஒவ்வொரு படிலயும் பெண்கள் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை பேர், உரிமை விடல் எழுதிக் கொடுத்தவங்கள்ல பெண்கள் எத்தனை பேர்னு வருஷா வருஷம் வெளியிடுங்க. இந்த எண்ணிக்கை எல்லாம் உங்க சர்வீஸ் ரெஜிஸ்டர்லயே இருக்கு, எடுத்துக் கூட்ட ஒரு வாரம் கூட ஆகாது. அடுத்த ப்ரொமோஷன் கவுன்சிலிங்குக்கு முன்னாடி முதல் லிஸ்ட்டை வெளியிடுங்கன்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு அரசு மருத்துவக் கல்லூரி அசோசியேட் ப்ரொஃபசர்